சீதனக் காணிக்குக் கணவரின் ஒப்பம்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

காணி உறுதி பெண்ணின் பெயரில் இருக்கிறது. தாய் தகப்பன் சீதனமாக எழுதிக் கொடுத்த காணி. காணிப் பதிவகத்திலும் அவர் பெயர்தான். வாங்குபவர் காசோடு வந்து நிற்கிறார். நொத்தாரிசு உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி: "உங்கடை அவர் எங்கை? அவரும் வந்து ஒப்பம் வைக்க வேணுமே."

அவர் கனடாவில் இருக்கலாம். பிரிந்து போய் வேறு ஊரில் வாழலாம். 2009இற்குப் பிறகு எங்கே என்றே தெரியாமல் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் காணி விற்பனைகள் பல இந்தக் கேள்வியிலேயே நின்றுபோகின்றன. அப்போது ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "மரணச் சான்றிதழ் எடுத்தால் சரி" என்பார் ஒருவர், "டிவோர்ஸ் எடுத்துவிடு" என்பார் இன்னொருவர், "அற்றோணி எழுதுவிச்சால் காணும்" என்பார் மூன்றாமவர். இவை ஒவ்வொன்றும் வேறுவேறு நிலைமைக்கு உரியவை. பிழையானதை எடுத்தால் காலமும் காசும் போகும். சில வேளைகளில் அதைவிடப் பெரிய இழப்பும் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாகிய தேசவழமை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். இன்றைய சிக்கலின் வேர் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 6ஆம் பிரிவு மணமான பெண்ணின் சொத்தை அவளுடைய தனிச்சொத்து என்று தெளிவாகவே சொல்கிறது. கணவனின் கடனுக்காக அதில் கைவைப்பதையும் பெரும்பாலும் தடுக்கிறது. அசையும் சொத்தை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம். மரணசாசனம் எழுதவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அசையாச் சொத்தை உயிரோடு இருக்கும்போது கைமாற்றுவதானால் கணவனின் எழுத்துமூல இணக்கம் வேண்டும். விற்பது மட்டுமல்ல, ஈடு வைப்பதும், மகளுக்கு நன்கொடையாக எழுதுவதும் இதற்குள் வரும்.

அடுத்துவரும் 7ஆம் பிரிவு கணவனைப் பற்றியது. வழிவழியாக வந்த தன் முதுசக் காணியை அவன் மனைவியைக் கேளாமல் விற்கலாம். சர்ச்சையெல்லாம் இந்த இரண்டு பிரிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் எழுகிறது. குடும்பச் சொத்து அவசரத்தில் கைமாறாமல் காக்கும் ஏற்பாடு இது என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்தக் காவல் கணவனின் காணிக்கு ஏன் வேண்டாம் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. இலங்கையின் ஏனைய பெண்கள் பலருக்கு 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் இந்தச் சுதந்திரத்தை நூறு ஆண்டுக்கு முன்பே கொடுத்துவிட்டது. தேசவழமைக்கு உட்பட்ட வடமாகாணத் தமிழரை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கியது.

"அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பேசுகிறதே, உயர் நீதிமன்றம் போகலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் 16(1)ஆம் உறுப்புரை, அரசியலமைப்பு வந்தபோது நடைமுறையில் இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் குடையின் கீழ் நிற்கிறது. மாற்ற வேண்டியது பாராளுமன்றம். ஐக்கிய நாடுகளின் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழுவும் இலங்கையிடம் இதைக் கேட்டிருக்கிறது. இந்தப் பிரிவு போக வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அது போகும் வரைக்கும் உங்கள் காணி காத்திருக்க முடியாது என்பதால், இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில்: தேசவழமை உங்களைக் கட்டுப்படுத்துகிறதா?

வழியைத் தேடுமுன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தமிழர் என்பதற்காக எல்லாரும் தேசவழமைக்குள் வருவதில்லை. மட்டக்களப்பு, மலையகத் தமிழர் இதற்கு வெளியே. சைவரா கிறிஸ்தவரா என்பது பொருட்டல்ல. வடமாகாணத்தை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவரா என்பதே கேள்வி.

பெண்ணுக்கு இன்னொரு விதி உண்டு. 3ஆம் பிரிவின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால், அந்தத் திருமணம் நிலைக்கும் காலத்தில் அவளும் அதற்கு உட்பட மாட்டாள். சுன்னாகத்துப் பெண் மட்டக்களப்பு ஆணை மணந்திருந்தால் கணவனின் இணக்கம் தேவையில்லை. மறுபக்கமாக, மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்தவரை மணந்தால் அவள் தேசவழமைக்குள் வந்துவிடுவாள்.

இது பொருந்தினால் இதைவிட மலிவான வழி வேறில்லை. கணவரின் பிறப்புச் சான்றிதழ், அவருடைய பெற்றோரின் ஊரைக் காட்டும் பத்திரங்கள், விவாகப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை நொத்தாரிசிடம் காட்டி, இந்த விபரத்தை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள். பிழைக்கும் இடம், பல ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்கள். அவர்கள் இன்னும் வடமாகாணத்து வாசிகளா என்பது ஆளாளுக்குச் சான்றுகளைக் கொண்டு முடிவாகும் விடயம். உங்கள் சட்டத்தரணி "இல்லை" என்று நம்பினாலும் வாங்குபவரின் சட்டத்தரணியோ வங்கியோ ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் வாதாடிக்கொண்டிராமல் கீழே வரும் வழிகளில் ஒன்றை எடுப்பதே வேகம்.

கணவர் இணங்குகிறார் என்றால்

உள்ளூரில் இருப்பவரானால் அவரை உறுதியின் தரப்பினராகவே சேர்ப்பதுதான் சிறந்தது. சாட்சியாக மட்டும் ஒப்பம் வைத்துவிட்டு, பிறகு "நான் கண்ட சாட்சிதான், இணங்கவில்லை" என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. உறுதியில் இப்படி ஒரு வசனம் இருக்க வேண்டும்: "மேற்படி விற்பனையாளரின் கணவராகிய நான், கீழ் அட்டவணையில் விபரிக்கப்பட்ட ஆதனத்தை அவர் விற்பதற்கு எனது எழுத்துமூல இணக்கத்தை இத்தால் வழங்கி, இவ்வுறுதியில் ஒப்பமிடுகின்றேன்." அட்டவணையில் உள்ள பரப்பளவும் எல்லைகளும் நில அளவை வரைபடத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பமிடுமுன் பாருங்கள். பழைய உறுதியில் 4 பரப்பு, புதிய வரைபடத்தில் 39 பேர்ச் என்று வருவது வழமை (ஒரு பரப்பு 10 பேர்ச்). எந்த அளவுக்கு இணங்கினார் என்ற கேள்வி பிறகு எழாமல் இரண்டையும் எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவரானால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்கு அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். "எனது சகல ஆதனங்களையும் பராமரிக்க, விற்க, வழக்காட" என்று பொதுவாக எழுதிய அற்றோணித் தத்துவம் அவருடைய சொத்துக்குத்தான் செல்லும். உங்கள் காணி அவருடைய சொத்தல்ல. "எனது மனைவிக்குச் சொந்தமான இன்ன காணியை அவர் விற்பதற்கு, எனது எழுத்துமூல இணக்கத்தை என் சார்பில் வழங்கி உறுதியில் ஒப்பமிட" என்று தனி அதிகாரம் அதில் வேண்டும். அற்றோணியாக உங்களையே நியமிக்க விடாதீர்கள். உங்கள் விற்பனைக்கு நீங்களே இணக்கம் கொடுப்பதாக வந்து, பிறகு கேள்விக்குள்ளாகும். வயது வந்த மகன், கணவரின் சகோதரர் போன்றவர் நல்லது.

அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் அவர் நேரில் போய் ஒப்பமிட்டு, அது இங்கே வந்து பதியப்பட்ட பிறகே பயன்படும். அகதி விண்ணப்பம் முடியாதவர்கள் தூதரகம் போகத் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் மாதக்கணக்கில் நீளலாம், முற்பணத்தோடு எழுதிய விற்பனை உடன்படிக்கையின் தவணை அதற்குள் முடிந்துவிடும். ஆகவே அற்றோணித் தத்துவம் கைக்கு வந்த பிறகு முற்பணம் வாங்குங்கள். அதை எழுதியவர் இறந்தால் அந்த அதிகாரமும் அத்தோடு முடிகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கணவர் இல்லை, அல்லது மறுக்கிறார்: 8ஆம் பிரிவு

6ஆம் பிரிவு போட்ட பூட்டுக்கு அதே சட்டம் 8ஆம் பிரிவில் சாவியும் வைத்திருக்கிறது. இதைப் பலரும் அறியாததால்தான் மரணச் சான்றிதழ், விவாகரத்து என்று அலைகிறார்கள். கணவரின் இணக்கம் இல்லாமலே கைமாற்ற அதிகாரம் தரும்படி மனைவி மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். அதற்கான காரணங்கள் இவை: கணவன் கைவிட்டுப் போனமை, இருவரும் இணங்கிப் பிரிந்து வாழ்கின்றமை, தண்டனை அல்லது கட்டளையின் கீழ் 2 ஆண்டுக்கு மேல் சிறையில் இருக்கின்றமை, சித்த சுவாதீனம் இழந்தமை, இருப்பிடம் தெரியாமை, நியாயமில்லாமல் இணக்கம் மறுத்தமை, மனைவியினதோ பிள்ளைகளினதோ நலன் அதை வேண்டி நிற்கின்றமை.

இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். ஆயினும் ஒன்றை மட்டும் நம்பி மனு எழுதுவது புத்தியல்ல. விளக்கமறியலில் நீண்டகாலம் இருப்பவரின் மனைவி சிறைக் காரணத்தை மட்டும் சொன்னால், தண்டனையா கட்டளையா என்ற வாதத்தில் மாட்டுப்படலாம். பிள்ளைகளின் நலன் என்பதையும் மாற்றுக் காரணமாகச் சேர்த்துவிட்டால் அந்த வாதம் எப்படி முடிந்தாலும் மனு விழாது. கடைசிக் காரணம்தான் இவற்றுள் மிக அகலமானது. மகளின் படிப்புச் செலவு, சத்திரசிகிச்சை, வங்கிக் கடனில் மூழ்கும் வீடு என எதையும் அதற்குள் கொண்டுவரலாம், பத்திரம் இருந்தால்.

மனுவோடு அதை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி போகும். இணைக்க வேண்டியவை: விவாகப் பதிவுச் சான்றிதழ், சீதன உறுதி, காணிப் பதிவக ஏட்டின் அண்மைய பிரதி, வரைபடம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள். இவை எல்லாருக்கும் பொது. காரணத்தை நிரூபிப்பவைதான் ஆளுக்கு ஆள் மாறும். கைவிட்டவராயின் நீதவான் நீதிமன்றப் பராமரிப்பு வழக்கின் பதிவேட்டுப் பிரதி எதையும்விட வலிமையானது. அது இல்லாவிட்டால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம். மறுப்பவராயின் முதலில் அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். என்ன காணி, என்ன விலை, பணம் எதற்கு என்று மூன்றையும் எழுதி, பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். "பாதிக் காசைத் தந்தால் ஒப்பம் வைக்கிறன்" என்று அவர் பதில் போட்டால், நியாயமில்லாத மறுப்புக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாய்ப்பேச்சில் மறுத்தார் என்று மட்டும் நீதிமன்றத்தில் சொல்வது எடுபடுவது கடினம்.

நீதிமன்றம் கணவருக்கு அறிவித்தல் அனுப்பும். இருப்பிடம் தெரியாதவர் என்றால் கடைசியாக வாழ்ந்த முகவரியில் ஒட்டுதல், பத்திரிகையில் பிரசுரித்தல் போன்ற மாற்று வழிகளைக் கேட்க வேண்டும். இதை முதல் தவணையிலேயே கேளாமல் விட்டால் "பிரதிவாதிக்குச் சாட்டப்படவில்லை" என்று தவணைக்கு மேல் தவணை போகும். பிறகு சுருக்க விசாரணை. எதிர்ப்பு இல்லாவிட்டால் இது முழு வழக்கைப்போல இழுபடும் வகையல்ல. கணவர் சட்டத்தரணியோடு வந்து நின்றால் நீளும்.

நீங்கள் வாழும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலோ காணி இருக்கும் இடத்துக்குரியதிலோ மனுவைப் போடலாம். வவுனியாவில் குடியேறியவர், காணி கரவெட்டியில் இருக்கிறது என்பதற்காகப் பருத்தித்துறைக்கு அலையத் தேவையில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானத்தைக் காட்டும் பத்திரத்தையும் கொண்டு போங்கள்.

கட்டளை கிடைத்த பின்னும் வேலை கெடும் இடங்கள் இருக்கின்றன. மனுவில் "விற்பதற்கு" என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு மனம் மாறி மகளுக்கு நன்கொடையாக எழுதப் போனால் அந்தக் கட்டளை உதவாது. விற்பதற்கா, ஈட்டுக்கா, நன்கொடைக்கா என்பதை முதலிலேயே தீர்மானித்து, வேண்டியதெல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம்: விற்ற பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் பெயரில் வைப்பிலிடு என்று சொல்லலாம். அதை நிறைவேற்றிய பற்றுச்சீட்டை உறுதியோடு வைத்திருங்கள். கட்டளையின் வழக்கிலக்கமும் திகதியும் உறுதியில் எழுதப்பட வேண்டும், அத்தாட்சிப்படுத்திய பிரதி இணைக்கப்பட வேண்டும். இருபது வருடத்துக்குப் பிறகு காணியை வாங்க வருபவர் உங்களைக் கண்டிருக்க மாட்டார், உறுதியை மட்டும்தான் காண்பார்.

காணாமற் போனவர்: சான்றிதழ்களா, மனுவா?

கேட்கவே கனமான இந்த இடத்தில்தான் பிழையான ஆலோசனையும் அதிகம் கிடைக்கிறது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், போர் போன்ற நிலைமைகளில் காணாமற்போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவருக்கு மரணப் பதிவு செய்ய வழிவிட்டது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம், இறந்தார் என்று சொல்லாமலே காணாமற்போனமைச் சான்றிதழ் பெறும் வழியைத் திறந்தது.

மரணச் சான்றிதழ் எடுத்தால் பெண் சட்டப்படி விதவை, பிறகு யாருடைய இணக்கமும் வேண்டாம். விரைவான வழிதான். ஆனால் கணவர் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் பெண், "அவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன்" என்று தன் கையால் சத்தியக்கடதாசி எழுத வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் இருக்கும் தாய்மாரும் மனைவிமாரும் மறுப்பது இந்த வசனத்தைத்தான். நாளைக்கு ஒரு விசாரணை நடந்தால் அந்தக் கடதாசியை அவர்களுக்கு எதிராகவே நீட்டலாம் என்ற அச்சத்திலும் நியாயம் உண்டு.

தன் சீதனக் காணியை விற்பதற்காக எந்தப் பெண்ணும் அதை எழுத வேண்டியதில்லை. "இருப்பிடம் தெரியாமை" என்ற 8ஆம் பிரிவின் காரணம் அவளுக்கு அப்படியே பொருந்துகிறது. மனுவில் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எதுவும் சொல்ல வேண்டாம், எங்கே என்று தெரியாது என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும். காணாமற்போனமைச் சான்றிதழ் அந்த மனுவுக்கு நல்ல ஆவணம். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய அலுவலகத்தில் செய்த முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கப் பதிவு, ஆணைக்குழுக்களில் சாட்சியம் சொன்னதற்கான கடிதம் எல்லாவற்றையும் சேருங்கள். அந்தச் சான்றிதழுக்குக் காலவரையறை உண்டு, மனுப்போடும் நாளில் அது செல்லுபடியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது மட்டுமே கணவரின் இணக்கத்துக்கு ஈடாகிவிடும் என்று நம்பி நொத்தாரிசிடம் போக வேண்டாம்.

விற்க வேண்டியது கணவரின் பெயரிலுள்ள காணி என்றால் கதை வேறு. 8ஆம் பிரிவு உங்கள் சொத்துக்கே உரியது. அவருடைய சொத்தைப் பராமரிக்கக் காணாமற்போனமைச் சான்றிதழ் உதவும். திருமணத்தின் பின் காசு கொடுத்து வாங்கிய காணி தேடியதேட்டம் (மணவாழ்க்கைக் காலத்தில் தேடிய சொத்து) ஆகலாம். உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருந்தாலும் அதைச் சீதனக் காணிபோல நடத்தாமல், அந்த உறுதியைச் சட்டத்தரணியிடம் தனியாகக் காட்டுங்கள்.

விவாகரத்து

காணிக்காக மட்டும் விவாகரத்து எடுக்கப் போவது வீண்வேலை. பொதுச் சட்டத்தில் காரணம் மூன்றுதான்: பிறர்மனை நயத்தல், தீயநோக்குடன் கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. குற்றம் நிரூபிக்க வேண்டும். தீர்ப்புக் கிடைத்தாலும் முதலில் இடைக்காலத் தீர்ப்பாணை, 3 மாதத்தின் பின்னரே முடிவான தீர்ப்பாணை. அந்த 3 மாதத்துக்குள் உறுதி எழுதினால் நீங்கள் இன்னும் மணமானவர், இணக்கம் இன்னும் தேவை. பிரிவு எப்படியும் வேண்டும் என்றிருப்பவர்கள் அதை எடுக்கட்டும். காணி அவசரம் என்றால் 8ஆம் பிரிவு மனுவைத் தனியாகப் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

விற்கத் தேவையில்லை, பிள்ளைக்குச் சேர வேண்டும் என்றால்

மரணசாசனம். இணக்கம் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் போதும். ஐந்து பேர் வழி மலிவு என்றாலும், பிறகு அவர்களைத் தேடிப்பிடிப்பது பாடு. நொத்தாரிசு வழியையே எடுங்கள். குறை என்னவென்றால், மகள் இன்றைக்கு அந்தக் காணியைக் காட்டிக் கடன் எடுக்க முடியாது. உங்களுக்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கும் நடக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சீதனமாக எழுத வேண்டும் என்று மாப்பிள்ளை வீடு நிற்கும் நிலையில் இது உதவாது, அப்போது நன்கொடைக்கான 8ஆம் பிரிவு மனுதான்.

எந்த வழியில் போனாலும் ஒன்று மீதம் இருக்கிறது. காணி பிரிக்கப்படாத பங்கு என்றால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி பங்குக்காரருக்கும் உங்களுக்கு உரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை (வெளியாருக்கு விற்குமுன் தாங்கள் வாங்கிக்கொள்ளும் உரிமை) உண்டு. கணவரின் ஒப்பமோ நீதிமன்றக் கட்டளையோ அதை அழிக்காது. எல்லைக் காணிக்காரருக்கு அந்த உரிமை இருப்பதாக ஊரில் இன்னும் சொல்வார்கள். அவர் வெறும் எல்லைக்காரர் மட்டும் என்றால் அது இல்லை. உரிமை உள்ளவர்களுக்குச் சட்டப்படி அறிவித்தல் கொடுத்துவிட்டு உறுதி எழுதுங்கள். இல்லாவிட்டால் கணவர் விடயத்தில் இவ்வளவு பாடுபட்டு முடித்த விற்பனையை, அடுத்த வருடம் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்பார்.